தம்ப் டிரைவுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: சிராங்கூன் சாலையில் சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். ஊழியர்களின் அடையாள அட்டை நகல்களும் மத்திய சேமநிதி விவரங்களும் என் மடிக்கணினியிலும், எம்ஆர்டியில் கொண்டுபோகும் தம்ப் டிரைவிலும் இருக்கின்றன. கணினியில் விண்டோஸ் ஹோம் உள்ளது. நண்பர் ஒருவர், கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் ட்ரூகிரிப்ட் மென்பொருள் போதும் என்கிறார். செலவில்லாமல் எதைப் பயன்படுத்தலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: ட்ரூகிரிப்ட் வேண்டாம். அதை உருவாக்கியவர்களே 2014 மே மாதத்தில் அதைக் கைவிட்டு, பாதுகாப்புக் குறைகள் இருக்கலாம் என்று எச்சரித்துவிட்டார்கள். அதன் மூலநிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் இலவசமானது, தொடர்ந்து பராமரிக்கப்படுவது. அதன் நிரலை யாரும் பார்த்துச் சோதிக்கலாம் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

தம்ப் டிரைவ் முழுவதையும் மறையாக்கம் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல், அதற்குள் ஒரு கோப்பையே பூட்டிய பெட்டியாக உருவாக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் மறையாக்கம் செய்த டிரைவை விண்டோஸ் அடையாளம் காணாமல், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். என் வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தோடு "சரி" என்று அழுத்தியதில் இரண்டு ஆண்டுப் படங்கள் போயின. பெட்டியை உருவாக்கும்போது சுட்டியை அங்கும் இங்கும் அசைக்கச் சொல்லும்; அந்த ஒழுங்கற்ற அசைவும் சாவியை உருவாக்க உதவுவதால் அவசரப்படாமல் அசையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைக்காரரின் கணினியில் வெராகிரிப்ட் நிறுவப்படாமல் இருந்தால், நிர்வாகி அனுமதியின்றி உங்கள் பெட்டி அங்கே திறக்காது.

மடிக்கணினிக்கு, விண்டோஸ் அமைப்புகளில் சாதன மறையாக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் முழு வசதிகள் ஹோம் பதிப்பில் கிடையாது என்றாலும், பல புதிய கணினிகளில் இது உண்டு. இருந்தால் அதுவே போதும். கணினி திறக்க மறுத்தால் உதவும் நீண்ட எண்ணான மீட்புச் சாவியை மட்டும் தாளில் அச்சிட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

தணிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதற்கு, கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் இலவச மென்பொருளான 7-ஜிப் போதும். 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவை இட்டு, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். கடை ஊழியரின் பெயரே கோப்பின் பெயராக இருந்தால், பெயர் வெளியே தெரிவதும் கசிவுதான். பிறருடைய விவரங்களைத் தக்கபடி பாதுகாக்கும் பொறுப்பை சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறுவனங்கள்மீது சுமத்துகிறது.

வெராகிரிப்ட் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர எவராலும் இயலாது. எனவே இருபது எழுத்துக்கு மேற்பட்ட, உங்களுக்கு மறக்காத சொற்றொடரை வையுங்கள். பெட்டியின் இன்னொரு பிரதியை வேறொரு வட்டில் வைத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய பூட்டாத கோப்புகளை அழியுங்கள்.