அண்ணாச்சி, பந்தைப் பிடுங்க வேண்டாம்

அண்ணாச்சி, சனிக்கிழமை நீங்களும் கூடைப்பந்து ஆடுகிற தம்பியும் பாளையங்கோட்டைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "பந்து தட்டுனா சோறு கிடைக்குமா?" தம்பியை வைத்துக்கொண்டு முழுசாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிடைக்கும். ஆனால் அவன் செல்போனில் பார்க்கிற இடத்தில் இல்லை.

அவன் பார்ப்பது அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக். அங்கே 30 அணிகள், அணிக்கு 15 பேருக்கு முழு ஒப்பந்தம். மொத்தம் 450 இடம். உலகமே அதற்குத்தான் முட்டி மோதுகிறது. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். 14 வயதில் ஆங்கிலம் தெரியாமல் ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனவர். 2015-ல் என்பிஏ அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, டல்லாஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் தடவை. இருந்தும் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவ்வளவு உயரமும் உழைப்பும் இருந்தும் கதவு அவ்வளவுதான் திறந்தது.

நம் நாட்டில் கூடைப்பந்துக்கு ஐபிஎல் மாதிரி நிலைத்து நிற்கிற லீக் இல்லை. ஆட்டக்காரருக்கு மாசச் சம்பளம் கொடுப்பது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித்துறை, போலீஸ் போன்ற இடங்கள்தான். ஆளை வேலைக்கு எடுத்து, அணியில் ஆட விடுவார்கள். முட்டி தேய்ந்து ஆட்டம் நின்ற பிறகும் வேலை நிற்காது. சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர், தெற்கு ரயில்வே ஊழியர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். தம்பி சுவரில் ஒட்ட வேண்டிய படம் அவருடையது என்பேன். அவன் சிரிப்பான், பரவாயில்லை.

அப்புறம் உயரம். ஆறடி ஒரு அங்குலம் என்றால் அம்பாசமுத்திரத்தில் "போலீசுக்குப் போயேன்டா" என்பார்கள். பள்ளி அணியில் அவன்தான் உயரம் என்பதால் ரிங்குக்கு அடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாநில அளவுக்குப் போனால் அவனைவிட அரையடி உயரமான பையன்கள் அந்த இடத்தில் நிற்பார்கள். இவன் வெளியே வந்து பந்தைக் கொண்டுபோகிற கார்டாக ஆட வேண்டியிருக்கும். நீங்கள் போன் பேச வெளியே போனபோது, என் அறை வாசலில் பந்தைத் தட்டிக் காட்டச் சொன்னேன். வலது கையில் பந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இடது கைக்கு மாற்றியதும் குனிந்து பந்தையே பார்த்தான். பந்தைப் பார்க்கிறவன் ஆளைப் பார்க்க மாட்டான். பயிற்சியாளரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி.

இப்போது முக்கியமான விஷயம், அந்த நீல ஃபைல். தம்பி கொண்டுவந்ததில் ஏழு சான்றிதழ் இருந்தது. அதில் அஞ்சு, கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி நடந்த போட்டிகளில் வாங்கியவை. அவற்றுக்கு வேலைவாய்ப்பில் மதிப்பு இல்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் உண்டு. இரண்டிலும் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற மாநில, தேசியப் போட்டிகளைத்தான். ஆகவே பிளஸ் டூ முடிவதற்குள் ஒரு தடவையாவது மாநில அணிக்கு ஆட வேண்டும். அதுதான் நான் வைக்கிற கெடு.

இன்னொன்று, எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பல வருஷம் முன்பு நான் அனுப்பிய ஒரு பையனின் தேசியச் சான்றிதழை, லேமினேட் செய்திருக்கிறது, முத்திரையைச் சரிபார்க்க முடியாது என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அழகாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்ததே நான்தான். நகல் சான்றிதழ் வாங்கி வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இன்றும் அந்தப் பையன் என்னைப் பார்த்தால் தலையாட்டுவான், நிற்க மாட்டான்.

படிப்பை விடச் சொல்லவே மாட்டேன். இந்த வேலைகள் பலவற்றுக்குப் பட்டம் வேண்டும். முட்டிச் சவ்வு கிழிந்தால் ஒன்பது மாசமாவது வெளியே உட்கார வேண்டிவரும். ஆட்டம் கைவிட்டாலும் திருச்செந்தூரில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது, நடுவர் தேர்வும் எழுதலாம். ஜிம்மில் தருகிற பொடி எதையும் வாயில் போட விடாதீர்கள். ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் ஃபைலே வீண். முட்டையும் பாசிப்பயறும் போதும்.

அடுத்த முறை வரும்போது மாலைப் பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, படிக்க எத்தனை மணிக்கு உட்காருகிறான் என்று ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குள் ஷூவை மாற்றிவிடுங்கள். சிமெண்ட் கோர்ட்டில் ஆடி, இடது ஷூவின் அடி கட்டை விரல் பக்கம் வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லப் பயந்துதான் அன்று கால்களை மடக்கி மடக்கி உட்கார்ந்திருந்தான்.