நெஞ்செரிச்சல்: மாத்திரையா, ஆபரேஷனா?

(தஞ்சாவூரில் வயிறு, குடல் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் பதில் சொல்கிறார். நெஞ்செரிச்சல் பற்றி மட்டும் கேளுங்கள். முழங்கால் வலி, முடி கொட்டுவது இங்கே வேண்டாம்.)

மன்னார்குடி, வயது 41: டாக்டர் சார், ஏழு வருஷமா பான்டபிரசோல் போடுறேன். நிறுத்தினா மூணாம் நாளே நெஞ்சு பத்திக்குது. எரிச்சல் மாத்திரைக்கு அடங்குது, ஆனா வயல்ல குனிஞ்சா சாப்பிட்டது தொண்டைக்கு வந்துடுது. எண்டோஸ்கோபியில ஹயாடஸ் ஹெர்னியான்னு எழுதியிருக்காங்க. ஆபரேஷன் பண்ணிட்டா மாத்திரையை விட்டுடலாமா?

உங்களுக்கு இரண்டு தொல்லை. ஒன்று எரிச்சல், இன்னொன்று எதுக்களிப்பு. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் ஒரு மதகு இருக்கிறது. வாய்க்கால் மதகுப் பலகை தேய்ந்து போயிருந்தால் தண்ணீர் எதிர்த்துத்தானே ஏறும்? அதற்கு மாத்திரை ஒன்றும் செய்யாது. ஹெர்னியா என்றால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் இருக்கும் துளை அகன்று, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறி நிற்கிறது. ஆபரேஷனில் அதைக் கீழே இறக்கி, துளையைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றிப் போர்த்தித் தைக்கிறோம். 1950களில் ருடால்ஃப் நிஸ்ஸன் தொடங்கி வைத்த முறை. 1991 முதல் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே நடக்கிறது.

மாத்திரையை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 554 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். மாத்திரைக்காரர்களில் 92 சதவீதமும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 85 சதவீதமும் நன்றாக இருந்தார்கள். ஸ்வீடனில் ஆபரேஷன் முடிந்த 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 17.7 சதவீதம் பேருக்குத் தொல்லை திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி மாத்திரைக்கே போனார்கள். ஆகவே மாத்திரை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்பதற்காக மட்டும் யாராவது கத்திக்கு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் விஷயம் வேறு. ஹெர்னியா இருக்கிறது, சாப்பாடு மேலே வருகிறது, மாத்திரைக்கு எரிச்சலும் அடங்குகிறது. ஆபரேஷனால் நல்ல பலன் கிடைப்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

அதற்கு முன் இரண்டு சோதனை வேண்டும். 24 மணி நேர அமில அளவீடு ஒன்று. உணவுக்குழாய் சரியாகச் சுருங்கித் தள்ளுகிறதா என்று பார்க்கும் மேனோமெட்ரி இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்காமல் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு வரக்கூடியதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏப்பம் சரியாக வராது, வயிறு உப்பும், காற்று கீழே போகும், வாந்தி எடுக்க நினைத்தாலும் சிரமம். முழுச்சுற்றாகப் போர்த்தாமல் முக்கால் சுற்றோடு விட்டால் இந்தத் தொல்லையும் விழுங்குகிற சிரமமும் குறையும்.

மூணாம் நாள் பற்றிக்கொள்வதற்கு ஒரு காரணம், மாத்திரையைச் சட்டென்று விட்டால் அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கும்பகோணம், 52: ரெண்டு வேளையும் மாத்திரை போட்டும் துளிகூடக் கேக்கலை சார். இனிமே ஆபரேஷன்தானே?

இல்லை அம்மா. மாத்திரைக்கு அசையாத எரிச்சல் பல நேரம் அமில எரிச்சலே இல்லை. அமெரிக்காவில் மருந்து கேட்கவில்லை என்று வந்த 366 பேரைச் சோதித்தார்கள் (2019இல் வெளிவந்தது). 42 பேருக்கு மாத்திரையைச் சரியான முறையில் போட்டதுமே கேட்டுவிட்டது. 99 பேரின் எரிச்சலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. வடிகட்டிக் கடைசியில் நின்றவர்கள் 78 பேர். அவர்களுக்குள் ஆபரேஷன் 67 சதவீதம் பேருக்கும், கூடுதல் மருந்து 28 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. முதலில் சோதனை. அதோடு, மாத்திரையைக் காலை டிபனுக்கு அரை மணி முன்னால் போடுகிறீர்களா, சாப்பிட்டு முடித்தா?

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருந்தால் அது வருஷக்கணக்கில் போடுகிற மருந்தில்லை. முன்னது இதயத் துடிப்பைத் தடம் மாற்றலாம். பின்னது கை நடுக்கம் கொடுக்கும். பால் கொடுக்காத பெண்ணுக்கும் பால் சுரக்க வைக்கும்.

பாபநாசம், 58: ஒரு வாரமா மாடி ஏறினா நெஞ்சு அடைக்குது, வேர்க்குது. கேஸ்தான்னு சோடா குடிக்கிறேன்.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே போய் ஈசிஜி எடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

திருவாரூர், 36: இந்த மாத்திரை கிட்னியைக் காலி பண்ணிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

17,598 இதய நோயாளிகளில் பாதிப்பேருக்கு பான்டபிரசோல், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். கிட்னி, எலும்பு முறிவு, ஞாபக மறதி எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது (1.0க்கு 1.4 சதவீதம்). அபூர்வமாகச் சிலருக்கு சிறுநீரக அழற்சி வருவது உண்மை. பல வருஷம் போடுகிறவர்கள், அதிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் போடுகிறவர்கள், ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்னிலம்: கிட்னி பாதிக்குமா சார்?

மேலே.

திருவையாறு, 67: எல்லா டாக்டரும் முதல்ல கைவைக்கிறது காபியிலதான். அறுபது வருஷமா டிகிரி காபி குடிக்கிறேன், நீங்களும் அதையே சொல்வீங்களோ?

நான் சொல்லவில்லையே ஐயா. காபியால் எதுக்களிப்பு வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. குடித்தால் எரிகிறவர் விடட்டும், எரியாதவர் குடிக்கட்டும்.

வலங்கைமான்: சிக்கரி கலந்தா அப்புறம் எரியாம என்ன செய்யும்? தப்பு காபி மேல இல்ல.

குடவாசல்: காபியே வேணாம். காலைல பழையதும் நீராகாரமும் குடிச்சா எந்த மாத்திரையும் தேவையில்ல.

திருவையாறு: பழையதை யார் வேணாம்னா? அது முடிஞ்சு காபி.

நிறுத்துங்கள். நீராகாரம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அகன்ற துளையைச் சுருக்காது. உங்கள் மூன்று பேரிடமும் நான் கேட்பது வேறு. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? பத்து மணிக்கு நாலு தோசையைப் போட்டு, வெற்றிலை சீவலோடு புகையிலையும் அடக்கிக்கொண்டு, பத்தரைக்குப் படுத்தால் பழி காபி மேல் வருகிறது. புகையிலை அந்த மதகைத் தளர்த்தும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும்.

வலங்கைமான்: அப்ப சிக்கரி?

அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மயிலாடுதுறை, 33: 118 கிலோ இருக்கேன். எடை குறைக்கிற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணா எதுக்களிப்பும் போயிடுமா?

ஸ்லீவில் எதுக்களிப்பு கூடவும் செய்யலாம். எடை குறைக்கிற இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை: கிட்னிக்கு...

மேலே, தம்பி.

நீடாமங்கலம், 60: சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சுல நிக்குது, ரெண்டு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சுட்டேன். மாத்திரையை மாத்திப் பார்க்கவா?

மாற்றக் கூடாது. இந்த வாரமே எண்டோஸ்கோபி.

ஒரத்தநாடு, 49: முதலமைச்சர் காப்பீட்டுல இந்த ஆபரேஷன் வருமா?

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் காட்டி, சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டி, 55: கார்த்திகையில ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. தை முதல் வாரம் பொண்ணு கல்யாணம். பந்தியில உட்காரலாமா?

முதலில் சில நாள் திரவம் மட்டும். அதன் பிறகு சில வாரம் குழைந்த சோறு, ரசம், நன்றாக மசித்தது. விழுங்குவது பழையபடி ஆக ஒன்றிரண்டு மாதமாவது பிடிக்கலாம். தை முதல் வாரம் என்றால் உட்காரலாம், ஆனால் வடையும் சப்பாத்தியும் வேண்டாம், பன்னீர் சோடாவும் வேண்டாம். வந்தவர்களைக் கவனிக்கிற சாக்கில் முதல் பந்தியைத் தவிர்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் நிதானமாக மென்று சாப்பிடுங்கள். அட்சதை மூட்டையையும் பந்தல் சாமானையும் தூக்கவே கூடாது.