விரால் மீனின் குடலில் நாடா போல வெள்ளைப் புழு இருந்தது. மீனைச் சாப்பிடலாமா? குடலைப் பூனைக்குப் போடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். குடலை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவிக் குழம்பு வையுங்கள். ஏரி, குளத்து விராலில் நாடாப்புழு இருப்பது அபூர்வமே இல்லை. நான் மீன்வளம் படித்தபோது செய்முறை வகுப்புக்குச் சந்தையில் விரால் வாங்கி வந்து அறுப்போம். புழு கிடைத்தால்தான் எங்களுக்கு மதிப்பெண். மீதிச் சதை அன்று இரவே விடுதியில் வறுவலாகிவிடும்.

புழு எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். குடலுக்குள் தட்டையாக, நீளமாக இருந்தால் அது முழுதாக வளர்ந்த மீன் நாடாப்புழு. விராலில் பெரும்பாலும் செங்கா என்ற பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். தலையில் உள்ள கொக்கிகளால் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. மீன் செரித்து வைத்ததைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. சோம்பேறித்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா! மீன் குடலில் வளர்ந்து முட்டையிடும் இந்த வகை, நம் வயிற்றில் குடியேறுவதில்லை.

மனிதரைப் பிடிக்கும் மீன் நாடாப்புழு வேறு: டைஃபில்லோபோத்ரியம். வட ஐரோப்பா, ரஷ்யா போன்ற குளிர்ப் பகுதி ஏரிகளில் அதிகம். அதன் இளம்புழு மீனின் சதைக்குள் இருக்கும். அந்த மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால், நம் குடலில் 10 மீட்டர் வரைகூட வளரும். பி12 வைட்டமினை அது பிடுங்கிக்கொள்வதால் சிலருக்கு இரத்தசோகை வரும். பின்லாந்தில் ஒரு காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தால் அந்த இளம்புழு செத்துவிடும். கொதிக்கிற குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. பச்சை மீன் சாப்பிடுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

மீன் வளர்ப்பவர்களுக்கு மட்டும் இது நிஜமான தலைவலி. ஆசிய மீன் நாடாப்புழு என்று ஒன்று உண்டு. 1934-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. நீர்க்களையைத் தின்னும் என்று நாடு நாடாகப் புல்கெண்டையைக் கொண்டுபோனார்கள். புழுவும் கூடவே போய்ச் சேர்ந்தது. இதன் முட்டை மீனின் கழிவோடு தண்ணீரில் விழும். அதிலிருந்து வரும் பொடிப் புழுவை சைக்ளோப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சி விழுங்கும், சைக்ளோப்ஸை மீன்குஞ்சு விழுங்கும். அவ்வளவுதான் சுற்று. பெரிய கெண்டை தாங்கிக்கொள்ளும். விரல் நீளக் குஞ்சுக்குக் குடலே அடைத்துப்போய், மெலிந்து சாகும். குஞ்சு வாங்கும்போது நாலைந்தை அறுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பிராசிகுவான்டல் மருந்து இருக்கிறது. ஆனால் அளவை மீன்வளத் துறையினரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

அதனால் ஏரிக்கரையிலேயே மீனைச் சுத்தம் செய்கிறவர்கள் குடலைத் தண்ணீரில் வீச வேண்டாம். முட்டை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அப்புறம், பூனை விஷயம். பச்சைக் குடலைப் போடாதீர்கள். மீனிலிருந்து பூனைக்கும் நாய்க்கும் தொற்றும் ஒட்டுண்ணிகள் சில உண்டு. நன்றாக வேகவைத்து, ஆறியதும் போடுங்கள்.