இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரல் காயத்தை இரத்தத்தில் எப்படிக் கண்டறிகிறார்கள்?

நுரையீரல் செல்களுக்கு உரிய சில புரதங்கள் இரத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். இவையே காயக் குறியீடுகள். சர்ஃபாக்டன்ட் புரதம் டி அவற்றில் ஒன்று. காற்றுப்பை செல்களில் உருவாவது.

இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரம் இரத்தத்தைச் சுற்றவைக்கிறது. நுரையீரல் பெரும்பாலும் சுருங்கிக் கிடக்கிறது. அதற்கான இரத்த ஓட்டமும் வெகுவாகக் குறைகிறது. பிளாஸ்டிக் குழாய்களைத் தொட்ட இரத்தத்தில் அழற்சி மூள்கிறது. அது திரும்பப் பாயும்போது அடிபடுவது, காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! இவ்வளவு மெல்லியது நம் மூச்சைத் தாங்குவதே எனக்குத் தீராத வியப்பு.

ஏரிக்கரையில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் ஊரார் அவ்வளவாகப் பதறுவதில்லை. செம்மண் கலங்கி வந்தால் கரையே கரைகிறது என்று ஓடுவார்கள். இரத்தத்தில் தெரியும் நுரையீரல் புரதம் அந்தச் செம்மண்.

ஆனாலும் ஆக்சிஜன் அளவும் எக்ஸ்ரேயுமே இன்றும் மருத்துவர்களுக்கு முதன்மை. இக்குறியீடுகள் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

குறியீடு கூடினாலே அறுவை தவறிவிட்டது என்று தோன்றலாம். அப்படியல்ல, புகைபிடிப்பவர்களுக்கு இந்தப் புரதம் அறுவைக்கு முன்பே கூடுதலாக இருக்கக்கூடும்.