முகம் தெரியாதவரிடம் தோற்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பன்னிரண்டு வருடங்களாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். இரவு வேலை முடிந்ததும் இணையத்தில் யாரோடாவது விவாதிப்பது பழக்கமாகிவிட்டது. பாதி அரசியல், பாதி தொழில்நுட்பம். சென்ற வாரம் என்க்ரிப்ஷன் (செய்தியைச் சாவி உள்ளவர் மட்டும் படிக்கும்படி பூட்டி அனுப்புவது) பற்றி ஒருவரோடு மோதல். குற்றவாளிகளின் செய்திகளைப் படிக்க அரசுக்கு ஒரு பின்வாசல் இருந்தே ஆகவேண்டும் என்றார். கூடவே கூடாது என்பது என் கட்சி. வேகத்தில், "1993-ல் அமெரிக்கா கிளிப்பர் சிப்பைச் சட்டமாக்கியது, மறுவருடமே திருடன் நுழையும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எழுதினேன். "அப்படி ஒரு சட்டமே வரவில்லை. வந்திருந்தால் காட்டுங்கள்" என்றார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "சட்டமோ சுற்றறிக்கையோ, அதிகாரத்துக்குக் குடைபிடிப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். நான் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிக லைக். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தொழில்நுட்ப விவாதங்களாவது ஒரு முடிவுக்கு வருகின்றன. அரசியல் விவாதங்கள் வருவதே இல்லை. அரசியலை மட்டும் விட்டுவிடலாமா? இணையத்துக்குள் வந்ததும் மனிதர்கள் வேறு பிறவியாகிவிடுகிறார்களா? மொத்தத்தில் இதெல்லாம் வெட்டி வேலையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேட்காமல் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னது சரி என்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒப்புக்கொண்டிருந்தால் என்ன போயிருக்கும்? கணக்குப் பார்ப்போம். கிளிப்பர் சிப் 1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்த ஒரு திட்டம். தொலைபேசிப் பேச்சை ரகசியமாக்கும் சிப். அதன் சாவியை இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகள் வைத்திருக்கும். சட்டப்படி அனுமதி கிடைத்தால் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுக்கேட்கலாம். கட்டாயம் எதுவும் இல்லை. சீந்துவாரில்லாமல் 1996 வாக்கில் ஓய்ந்தே போனது. ஆக, நீங்கள் எழுதிய வரியில் 'சட்டம்' என்பதை அடித்துவிட்டு 'அரசுத் திட்டம்' என்று போட்டிருந்தால் உங்கள் வாதத்தில் ஒரு செங்கல்கூட அசைந்திருக்காது.

உங்கள் வரியின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. உங்கள் எதிராளியும் அதைக் கவனிக்கவில்லை. 1994-ல் மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தது திருடன் உள்ளே வரும் வழியல்ல. எந்தச் சாவியைத் தேடவேண்டும் என்று அரசுக்குச் சொல்வதற்காக, சிப் ஒவ்வொரு அழைப்போடும் ஒரு தகவலை அனுப்பும். அந்தத் தகவல் ஒழுங்கானதா என்று சரிபார்க்க 16 பிட் (0 அல்லது 1 என்ற பதினாறு இலக்கங்கள்) மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் 65,536 வாய்ப்புகள். வரிசையாக முயன்றால் செல்லுபடியாகிற போலி ஒன்றைத் தயாரித்துவிடலாம். அதன் பிறகு பேச்சு பத்திரமாகப் போகும், அரசின் சாவி மட்டும் எதற்கும் பொருந்தாது. பின்வாசலை வீட்டுக்காரனே உள்பக்கமாகத் தாழிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் பிளேஸ் காட்டியது. உங்கள் கட்சிக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் நீங்கள் பிடித்தது அதன் வேறொரு முனையை. திருடன் நுழைந்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் கிரேக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஒரு செல்பேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று மென்பொருளிலேயே வைத்திருந்த வசதியை யாரோ கைப்பற்றி, 2004-05-ல் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் ஒட்டுக்கேட்டார்கள்.

அவர் பிழையைக் காட்டியபோது "ஆமாம், சட்டமில்லை" என்று சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிடம் படித்திருந்தால் இவ்வளவும் உங்கள் கையில் சிக்கியிருக்கும். பேச்சைத் திருப்பிய வேகத்தில் அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டது. லைக் போட்டவர்களும் யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களைக் குத்திக்காட்டும் யோக்கியதை எனக்கில்லை. சில வருடங்களுக்கு முன் இணையவழி வாக்களிப்பு பற்றி ஒருவரோடு மூன்று இரவு மல்லுக்கு நின்றேன். முகத்துக்குப் பதில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படம் வைத்திருந்தார். "எந்த நாட்டிலும் இது உருப்படவில்லை" என்று எடுத்த எடுப்பிலேயே அடித்துவிட்டேன். "எஸ்டோனியாவில் 2005 முதல் நடக்கிறதே" என்றார். மிரட்டலுக்குப் பயந்து ஒருமுறை வாக்களித்தவர் பிறகு மாற்றி வாக்களிக்கலாம், கடைசி வாக்குதான் செல்லும் என்கிற ஏற்பாட்டையும் பொறுமையாக விளக்கினார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "அது சின்ன நாடு." அளவுக்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் ஜெர்மனியைத் தூக்கிப் போட்டேன். 2009 மார்ச்சில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்குப்பதிவு இயந்திரங்கள் சாசனத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. இத்தோடு ஆள் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை, தீர்ப்பைப் போய்ப் படித்துவிட்டு வந்தார். "இயந்திரத்தில் மோசடி நடந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. நிபுணத்துவம் இல்லாத ஒரு குடிமகன், வாக்கு எண்ணப்படும் முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்கிறது. மூன்று நாளாக நீங்கள் பேசுவது பாதுகாப்பு. தீர்ப்பு பேசுவது நம்பிக்கை. உங்கள் பக்கத்தின் பலமான வாதம் அதுதான், அதை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை" என்று எழுதினார்.

என் வழக்கை என்னைவிட நன்றாக அவர் நடத்திவிட்டார். நம் பழைய தர்க்க மரபில் இதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். மறுப்பதற்கு முன் எதிராளியின் தரப்பை அவரே தலையாட்டும்படி சொல்லிக் காட்டுவது. அதே மரபுதான் உண்மையைத் தேடுவதை வாதம் என்றும், ஜெயிப்பதற்காகப் பேசுவதை ஜல்பம் என்றும், தனக்கென ஒரு தரப்பும் இல்லாமல் அடுத்தவர் தரப்பை உடைப்பதை மட்டுமே செய்வதை விதண்டை என்றும் பிரித்து வைத்தது. பிடிக்காததையெல்லாம் நாம் விதண்டாவாதம் என்கிறோம். நான் அந்த மூன்று இரவும் செய்தது ஜல்பம், அதிலும் மட்டமான ரகம். கலங்கரை விளக்கக்காரர் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றவில்லை. ஆனால் இன்று என்னை யாராவது கேட்டால் நான் சொல்லும் காரணம் அவர் கொடுத்தது.

தொழில்நுட்ப விவாதம் முடிவுக்கு வரும் என்கிறீர்கள். உங்கள் துறையிலேயே புகழ்பெற்ற சண்டையை எடுத்துக்கொள்வோம். 1992 ஜனவரி 29. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்பிட்டே ஒரு பதிவு போட்டார். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 22, ஹெல்சிங்கியில் மாணவர். எல்லாவற்றையும் ஒரே பெரிய கெர்னலில் (அந்த மென்பொருளின் மையப் பகுதி) அடைப்பது பழைய புத்தி, மையத்தைச் சிறிதாக வைத்து மீதியைத் தனித்தனியாகப் பிரிக்கும் மைக்ரோகெர்னல்தான் வருங்காலம் என்பது பேராசிரியர் கட்சி. இன்டெல் வகை சிப் ஒன்றையே நம்பி எழுதியதும் தப்பு என்றார். மாணவர் அன்றே சீறினார். டனன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற அதே வகை மென்பொருளில் இருக்கும் குறைகளுக்குப் பேராசிரியர் வேலை நல்ல சாக்கு என்று குத்தினார். நீ என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்கிற தொனியில் பதில் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது இடையில் நடந்த ஒரு சின்ன விஷயம். இப்படியெல்லாம் பேசக் கூடாதப்பா என்று வேறொருவர் டோர்வால்ட்ஸுக்கு நட்பாக எழுதினார். உடனே டோர்வால்ட்ஸ் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார், பேராசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வாதத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தொனிக்கு மட்டும்தான் மன்னிப்பு.

யார் ஜெயித்தார்கள்? 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர்கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸ். ஆண்ட்ராய்டு போன்களின் அடியிலும் அதுதான். அப்படியானால் பேராசிரியர் தோற்றாரா? அதே 2017-ல், இன்டெல் சிப்களுக்குள் சத்தமில்லாமல் ஓடும் மேலாண்மைப் பகுதியில் இருப்பது அவருடைய மினிக்ஸ் என்று தெரியவந்தது. முப்பது வருடம் தாண்டியும் தீர்ப்பு வரவில்லை. ஏனென்றால் கேட்ட கேள்வியே இரண்டு. எது அழகான வடிவமைப்பு என்றார் ஒருவர், எது இப்போது ஓடுகிறது என்றார் மற்றவர். எதை முக்கியம் என்று வைப்பது என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. 2004-ல் ஒரு அமெரிக்க அமைப்பைச் சேர்ந்தவர், லினக்ஸை டோர்வால்ட்ஸ் தானே எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்து எடுத்திருப்பார் என்று நிறுவப் பார்த்தார். இல்லை, அந்தப் பையனே எழுதியதுதான் என்று எழுந்து எழுதியவர் டனன்பாம்.

உங்கள் என்க்ரிப்ஷன் சண்டையும் இந்த வகைதான். 16 பிட் போதுமா என்பதற்கு ஒரு கணினி விடை சொல்லிவிடும். சாவி யார் கையில் இருக்கலாம் என்பதற்குச் சொல்லாது. அரசியலை விட்டுவிட்டுத் தொழில்நுட்பம் மட்டும் பேசுகிறேன் என்றால் பாதிச் சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கப் பார்ப்பதுபோல ஆகும். அதற்குப் பதில், ஒவ்வொரு சண்டையிலும் சரிபார்க்கக்கூடிய துண்டு எது என்று வெட்டி எடுத்து மேசையில் வையுங்கள். அதில் தோற்றால் தோற்றேன் என்று சொல்லுங்கள். மீதி இழுத்துக்கொண்டே இருக்கட்டும்.

மனிதர்கள் வேறு பிறவியாகிறார்களா என்ற கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். அலெக்சாண்டர் போர், மைக்கேல் பேங் பீட்டர்சன் இருவரும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் கணக்கெடுத்து 2022-ல் எழுதிய ஆய்வின்படி, இணையத்தில் வசைபாடுகிறவர்கள் நேரிலும் பெரும்பாலும் அப்படித்தான். நேரில் அவர் குரல் எட்டும் தூரத்தில் நாலு பேர், இணையத்தில் எல்லாருக்கும் எட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. 2005-ல் வந்த ஒரு ஆய்வில், தங்கள் மின்னஞ்சலில் உள்ள கிண்டலை 100-க்கு 78 முறை எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 முறை. பூவா தலையா போட்டாலே 50 வந்துவிடும். குடைபிடிப்பவர் என்று நீங்கள் எழுதியது கிண்டலாகவே இருந்தாலும் அவருக்கு அது வசையாகத்தான் போயிருக்கும்.

வெட்டி வேலையா என்றால், ஒரு அளவுக்கு மேல் ஆமாம். மனம் மாறினால் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு விவாதிக்கிறவர்களின் உரையாடல்களை கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் அலசினார்கள். ஐந்து சுற்றுக்கு மேல் இழுத்தால் மாறுவதற்கான வாய்ப்பு அநேகமாக இல்லை. நான் நாலோடு எழுந்துவிடுகிறேன். அதிலும் இரவு பதினொன்றுக்கு மேல் இரண்டுதான். (இந்த 'இரண்டு' என்கிற கணக்கு ஆய்வு சொன்னதல்ல, என் ரத்த அழுத்தம் சொன்னது.)

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த உரையாடல் இன்னும் அழியாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே இடத்தில், லைக் விழுந்த உங்கள் வரிக்குக் கீழேயே எழுதுங்கள்: "கிளிப்பர் சிப் சட்டமாகவில்லை. நீங்கள் சொன்னதே சரி. குடைபிடிப்பவர் என்று சொன்னதற்கு வருந்துகிறேன்." அதோடு நிறுத்துங்கள். கிரேக்கக் கதையை இப்போது எடுக்க வேண்டாம், அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் போட்டால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.