விக்கியில் முதல் பக்கம்

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவைக்க விரும்புகிறேன். ஆனால், அடைப்புக்குறிகளும் குறியீடுகளும் நிறைந்த தொகுப்புப் பக்கத்தைக் கண்டதும் அவர்கள் தயங்குகிறார்கள். எளிய வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: குறியீடுகளைப் பற்றிய அச்சம் இனித் தேவையில்லை. 2013 முதல் விக்கிப்பீடியாக்களில் அறிமுகமான காட்சித் தொகுப்பியில், கணினியில் கடிதம் தட்டச்சு செய்வதுபோலவே எழுதலாம். தடித்த எழுத்து, இணைப்பு, மேற்கோள் ஆகியவற்றுக்குப் பொத்தான்களே போதும்.

உண்மையான தடை, என் பார்வையில், வெற்றுப் பக்கம்தான். ஓர் ஊரைப் பற்றி எழுத அமர்பவருக்கு அமைவிடம், வரலாறு, நீர்நிலைகள், மேற்கோள்கள் எனத் தலைப்புகளை முன்கூட்டியே இட்ட மாதிரிப் பக்கம் ஒன்றை அளித்துவிட்டால், அவர் எதை எழுதுவது என்று திகைக்காமல், தமக்குத் தெரிந்ததை உரிய இடத்தில் நிரப்பத் தொடங்கிவிடுவார். அதை மாணவர்கள் தத்தம் மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பயிற்சிப் பக்கத்தில்) ஒட்டிப் பழகட்டும். அங்கு நேரும் பிழை கட்டுரைகளைப் பாதிக்காது. நூலோ நாளிதழோ, நம்பத்தக்க சான்று கையில் இருக்கும் பொருளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சான்றில்லாத பக்கம் நீக்கப்படக்கூடும். முதல் முயற்சியிலேயே அந்த ஏமாற்றம் வேண்டாம்.

ஐயம் எழுந்தால் ஆலமரத்தடியில் (பொது உரையாடல் பக்கத்துக்கு அங்கே வழங்கும் அழகிய பெயர்) கேட்கலாம். ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரியிலிருந்து) ஒரு நாளில் தொடங்கக்கூடிய கணக்குகளுக்கு வரம்பு உண்டு என்பதால், மாணவர்கள் முன்னரே வீட்டில் கணக்குத் தொடங்கி வருவது நல்லது.