டிசம்பரில் ஜெபிக்க நேரம் எங்கே இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலத்தில் ஜெபத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள், பொறுமையாகக் காத்திருங்கள் என்கிறார்களே அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரம் ஒதுக்கிப் பார்த்துத் தோற்றவன் நான், அதனால் தோற்ற கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏழெட்டு வருடம் ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஒரு பெரிய திட்டம் போடுவேன். காலை நாலரைக்கு எழுவது, ஒரு மணி நேரம் ஜெபம், எசாயா புத்தகம் முழுவதையும் வாசித்து முடிப்பது (66 அதிகாரம், நாளுக்கு மூன்று வீதம் 22 நாள் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன்), இரவில் ஜெபமாலை. முதல் வாரம் ஓடும். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை தலைக்கு மேல் வரும், ஒரு நாள் விட்டுப்போகும், விட்டதைப் பிடிக்க மறுநாள் ஆறு அதிகாரம், அதுவும் போச்சு என்றால் அப்புறம் பைபிளைப் பார்த்தாலே கடன் கொடுத்தவரைப் பார்த்த மாதிரி ஒளிய ஆரம்பித்துவிடுவேன்.

இந்தக் காலம் எவ்வளவு சின்னது என்பதே எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும், அதனால் மிஞ்சிப்போனால் 28 நாள், குறைந்தால் 22. 2023-ல் டிசம்பர் 3-ல்தான் தொடங்கியது. நான்காம் ஞாயிறே டிசம்பர் 24, அன்று இரவே கிறிஸ்து பிறப்புத் திருப்பலி, ஆக நான்காம் வாரம் என்பது ஒரே ஒரு பகல். அந்த வருடம்தான் திட்டத்தைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது செய்வது பத்து நிமிடம். எல்லோரும் எழுவதற்கு முன், போனை வேறு அறையில் வைத்துவிட்டு (இது ஒன்றுதான் கண்டிப்பான விதி, மற்றதெல்லாம் முன்பின் ஆகலாம்), வளையத்தில் உள்ள நாலு மெழுகுவர்த்தியில் அந்த வாரம் வரைக்கும் உள்ளவற்றை (முதல் வாரம் ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று கூடும்) ஏற்றி உட்காருவது. குச்சியை வைத்தவுடன் சுடர் நிமிராது, கவனித்திருக்கிறீர்களா? சின்னதாக, நீலமாக நடுங்கிக்கொண்டிருக்கும், அடியில் மெழுகு உருகித் திரியில் ஏறிய பிறகுதான் மஞ்சளாக எழும்பி நிற்கும். அது நிற்கும் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அன்றைய நற்செய்தியை ஒரு முறை வாசிப்பது, இரண்டு பேருக்காக மன்றாடுவது, அவ்வளவுதான். சில நாள் மனசு அன்றைக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலிலேயே இருக்கும். இருக்கட்டும், பத்து நிமிடம் முடியாமல் எழுவதில்லை.

மெழுகுவர்த்தி வளையமே காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்காக வந்தது என்று சொல்வார்கள். 1839-ல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகரை, கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள் என்று வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். எனக்கும் அந்தப் பிள்ளைகள் அளவுக்குத்தான் பொறுமை.

சரி, பொறுமை. இந்தக் காலத்தில் திருமுழுக்கு யோவானையும் மரியாவையும் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் எனக்கு நெருக்கமானவர் யோவானின் அப்பா செக்கரியா. பிள்ளை வேண்டும் என்று மன்றாடி மன்றாடி வயதாகிப்போன மனிதர், 'உம் மன்றாட்டு கேட்கப்பட்டது' என்று வானதூதர் வந்து சொல்லும்போது நம்ப முடியாமல் 'எப்படி?' என்று கேட்கிறார். அவர் எப்போதோ கேட்பதை நிறுத்தியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும். கிடைத்த பதில் பேச்சு நின்றுபோனது. சந்தோஷச் செய்தியை வைத்துக்கொண்டு பிள்ளை பிறக்கும் வரை வாய் திறக்க முடியாமல் ஒரு வீட்டில் இருந்து பாருங்கள்! திருப்பலி வாசகங்களில் டிசம்பர் 19 அன்று அவர் ஊமையாகிறார், 23-ல் பலகையில் 'யோவான்' என்று எழுதி வாய் திறக்கிறார், 24 காலை அவருடைய பாடல். நமக்கு ஐந்தே நாளில் ஓடிவிடுகிறது, அவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல். அந்த வாசகங்களை மட்டும் வேகமாக வாசிக்காதீர்கள்.

காத்திருப்பு என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது அப்பாவின் பயாப்சி முடிவுக்காக ஒன்பது நாள் காத்திருந்த ஒரு டிசம்பரில். உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. 'மாரனாத்தா', ஆண்டவரே வாரும், அதை மட்டும் மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், மருத்துவமனை நாற்காலியில், லிஃப்ட்டில், வரிசையில். முடிவு நல்லபடியாக வந்தது, ஆனால் வராமலும் போயிருக்கலாம், அந்த ஒன்பது நாளில் அது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் ஜெப நேரமாக ஆகிவிட்டது. நேரம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது முழுப் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. போனை எடுத்துத் துழாவிய அந்த ஐந்து ஐந்து நிமிடங்கள் எல்லாம் ஏற்கெனவே காத்திருப்புதானே.

கடைசி வாரத்தில் வேறு எதுவும் முடியாவிட்டால் இதைச் செய்யுங்கள். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் நாளுக்கு ஒரு பழைய விளிப்பு வரும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழும் 'வாரும்' என்றுதான் கேட்கும். லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பி வாசித்தால் 'எரோ கிராஸ்' என்று வரும், 'நாளை வந்திருப்பேன்' என்கிற மாதிரி. ஏழாம் நாள் பெயரும் வந்து சேர்ந்தால்தான் அந்தப் பதிலைப் படிக்க முடியும். ஒரு நிமிட வேலை, பல் தேய்த்துக்கொண்டேகூட மனதில் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன்.

மெழுகுவர்த்தி வாங்கினால் முதல் வாரத்துக்கானதை மற்றதைவிட நீளமாக வாங்குங்கள். நாலு வாரமும் எரிவது அதுதான். ஒரே அளவில் நாலு வாங்கி, மூன்றாம் வாரத்து வியாழக்கிழமையே முதலாவது தீர்ந்துபோய், தட்டில் ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன் ஒரு வருடம்.